வீட்டில் வெள்ளைப்போள ரிங்சர் போடுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் முதல்முறை செய்பவர்களுக்கு

பல் முரசு வீங்கி, வாய்க்குள் மாறி மாறிப் புண் வந்துகொண்டிருந்த நேரத்தில், வெள்ளைப்போளம் என்ற வாசமான மரப்பிசினை மதுசாரத்தில் ஊறவைத்து அதில் சில துளியைத் தண்ணீரில் விட்டுக் கொப்பளித்தால் சுகம் என்று கேள்விப்பட்டேன். இதென்ன பெரிய வேலை, ஒரு போத்தல், கொஞ்சம் பிசின், இரண்டு கிழமை என்று நினைத்துத் தொடங்கி மூன்று முறை கெடுத்தேன். நான்காம் முறைதான் சரிவந்தது. கெட்ட மூன்றில் ஒன்றுகூட ஊறவைத்ததில் வந்த பிழை அல்ல. இரண்டு கடையில் வாங்கும்போதே பிழைத்துவிட்டன, மற்றது உடைக்கும்போது பிழைத்தது. ஆகவே கீழே எழுதியிருப்பதில் பாதி வாங்குவதைப் பற்றித்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ரிங்சர் என்றால் வேறொன்றுமில்லை. காயத்துக்குப் போடும் ரிங்சர் அயடீன் எல்லாருக்கும் தெரியும்தானே, அதுபோல மருந்துச் சரக்கின் சத்தை மதுசாரத்தில் இறக்கி எடுத்த திரவம். பிசின்களைப் பொறுத்தவரை இதுதான் வழி, ஏனென்றால் பிசினில் எங்களுக்கு வேண்டிய பகுதி தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கிளிசரினிலும் போட்டுப் பார்க்கிறார்கள், அரைகுறையாகத்தான் இறங்கும்.

1. பெயரை முழுதாகச் சொல்லி வாங்குங்கள்

முதல்முறை பெரியகடைப் பக்கம் ஒரு சரக்குக் கடைக்குப் போய், "அண்ணை, போளம் ஐம்பது கிராம் தாங்கோ" என்றேன். அவரும் தந்தார். வீட்டுக்கு வந்து ஊறவைத்துப் பத்து நாள் கழித்து ஒரு துளி நாக்கில் வைத்தால் தலை சுற்றுகிற கசப்பு. அம்மா போத்தலை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "இது பிள்ளைக்குப் பால் மறக்கப் பண்ணப் பூசுற சாமான் எல்லே" என்று சிரித்தார். நான் வாங்கியது கரியபோளம்.

கரியபோளம் மரப்பிசினே அல்ல, கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது, வயிற்றைக் கலக்கிப் போகவைக்கும் சரக்கு. வெள்ளைப்போளம்தான் ஆபிரிக்காவின் சோமாலியா, எத்தியோப்பியாப் பக்கத்து மரத்தின் பிசின். வெறுமனே "போளம்" என்று கேட்டால் எது வருமென்று சொல்லமுடியாது. பெயரில் வெள்ளை இருக்கிறதே என்று வெள்ளை நிறத்தில் தேடவும் வேண்டாம், அது செம்மண் நிறத்துக்கும் கபிலத்துக்கும் இடையில் இருக்கும்.

கடையில் நின்றபடியே பார்க்கக் கூடியவை: வெள்ளைப்போளக் கட்டியின் மேல் தூள் படிந்ததுபோல மங்கலாக இருக்கும், உடைத்தால் உள்ளே சில இடங்களில் வெளிறிய கோடுகள் தெரியும், கசப்பு இருந்தாலும் வாசம் முன்னுக்கு வரும். கரியபோளம் கறுத்து, உடைந்த இடம் கண்ணாடிபோல மினுங்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சிறு துண்டை இரண்டு துளி தண்ணீர் விட்டு ஒரு பீங்கானில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப்போளம் என்றால் மஞ்சள் கலந்த பால்போலக் குழம்பும்.

சாம்பிராணியில் ரிங்சர் போட நினைப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கடைகளில் சாம்பிராணி என்ற பெயரில் குங்கிலியமும் வரும், குந்திரிக்கமும் வரும். வில்லையாகவும் கிண்ணமாகவும் அச்சடித்து வருவதில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும் வாசனையும்தான், அதை ஊறவைத்தால் கறுத்த தண்ணீர் கிடைக்கும், வேறொன்றும் இல்லை. உண்மையான சுமாத்திராச் சாம்பிராணிக் கட்டியை உடைத்தால் கபில நிறத்துக்குள் வாதுமைப் பருப்புத் துண்டுகள் பதிந்ததுபோல வெள்ளைத் துண்டுகள் தெரியும், வனிலாவை நினைவூட்டும் வாசம் வரும். அந்த ரிங்சர் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான், அதுவும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பாவியுங்கள்.

இன்னொன்று. எங்கள் வேலிக் கிளுவையும் வெள்ளைப்போள மரமும் ஒரே பேரினம். அதைக் கேட்டதும் கிளுவைக் கதியாலைக் கொத்திப் பால் எடுக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. வேண்டாம். சொந்தக்கார மரம் என்பதற்காக வாய்க்குள் வைக்கக் கூடியது என்று ஆகாது.

சந்தேகம் இருந்தால் கட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டுபோய் ஒரு சித்த வைத்தியரிடம் காட்டுங்கள். கைதடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சித்த போதனா வைத்தியசாலை கிட்டத்தான். கட்டியைப் பார்த்து இது அதுதானா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். எனக்கு இதைச் செய்யத் தோன்றியது இரண்டாம் முறைக்கு முன்னர்தான்.

2. மதுசாரம்: இங்கேதான் காசும் நேரமும் போகும்

வெள்ளைப்போள ரிங்சருக்கு மருந்து நூல்கள் சொல்வது 90 சதவீத மதுசாரம். அது இங்கே கடையில் வாங்கக் கூடிய பொருள் அல்ல. வடித்த சுத்த மதுசாரம் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் வேண்டும், வீட்டுத் தேவைக்கு ஐம்பது மில்லி என்று போய் நின்றால் அலைச்சல்தான் மிச்சம். வீட்டில் வடிப்பது குற்றம், அந்தக் கதையே வேண்டாம்.

ஆகக் கையில் இருப்பவை:

சாராயம். உள்ளூர்ப் போத்தல்களில் 33 முதல் 37 சதவீதம் வரை இருக்கும். நான் இரண்டாம் முறை பனஞ்சாராயத்தில் போட்டேன். பிசினின் பசைப்பகுதிதான் தண்ணீரோடு சேர்ந்து கரைந்து கஞ்சிபோலத் தடித்தது, வாசமான பகுதி அடியில் அப்படியே கிடந்தது. வெள்ளைப்போளத்தில் பாதி அளவு தண்ணீரில் கரையும் பசை, மற்றதுதான் எங்களுக்கு வேண்டியது, அது கடும் மதுசாரத்தில்தான் இறங்கும். சாராயம் குடிக்க நல்லதாக இருக்கலாம், இதற்குச் சரிவராது.

வொட்கா. 37 முதல் 40 வரை. வேறு வழி இல்லையென்றால் இதை எடுங்கள். ரிங்சர் மெலிந்துதான் வரும், கலங்கலாக இருக்கும், ஆனால் கொப்பளிக்கப் போதும். வாங்கும்போது போத்தலின் லேபலில் சதவீதத்தைப் பாருங்கள், ஒரே கம்பனியின் இரண்டு போத்தலில் இரண்டு அளவு இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவரும் கடும் மது. எனக்குச் சரிவந்தது இதுதான். லண்டனில் இருந்து வந்த மாமா ஜமேக்கா வெள்ளை ரம் ஒரு போத்தல் கொண்டுவந்தார், 63 சதவீதம். விமானத்தில் 24க்கு மேல் 70 சதவீதம் வரையுள்ள மதுவை, கடையில் மூடிய போத்தலாகவே, ஒருவர் 5 லீட்டர் வரை கொண்டுவரலாம். 70க்கு மேல் போனால் பயணப் பெட்டியில் ஏற்றவே கூடாது. நாட்டுக்குள் தீர்வை இல்லாமல் எவ்வளவு என்பது சுங்கத்தின் கணக்கு, வருபவர் புறப்படுவதற்கு முன்னர் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் போத்தலோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுக்கவே கூடாது. அது குடிக்க முடியாதபடி வேறு சாமான் கலந்தது, மெதனோலும் இருக்கலாம், மெதனோல் கண்ணையும் உயிரையும் எடுக்கும். கை கழுவும் சனிரைசரும் அப்படித்தான். கசிப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் "எனக்கு ஒருவரைத் தெரியும், நல்ல கடுஞ்சாமான்" என்று ஒரு நண்பர் சொன்னபடியால் எழுதுகிறேன்: அதில் என்ன இருக்கிறதென்று காய்ச்சினவருக்கே தெரியாது.

வாங்கப் போகும்போது அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது, இளமையான முகம் என்றால் கேட்பார்கள். பூரணை நாளில் கடை பூட்டு. நான் ஒரு போயாவன்று வெயிலுக்குள் சைக்கிள் மிதித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவன், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

முழுப் போத்தல் வாங்கவும் வேண்டாம். 180 மில்லி கால் போத்தல் ஒன்று முதல்முறைக்குத் தாராளம்.

3. மற்றச் சாமான்களும் செலவும்

கண்ணாடிப் போத்தல் இரண்டு, ஜாம் போத்தலே போதும், ஆனால் மூடி இறுக வேண்டும், உள்ளே ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் வேண்டாம். கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, அல்லது சரக்குக் கடையிலேயே 20 கிராம் வீதம் சரியாக நிறுத்து வேறு வேறாகப் பொதிசெய்து வாங்குவது. பழைய வெள்ளை வேட்டித் துண்டு. கோப்பி வடிக்கும் தாள். கபிலநிறச் சொட்டுப் போத்தல் ஒன்று, பாமசியில் கேட்கலாம்.

செலவில் பெரும்பகுதி மதுவுக்குத்தான் போகும், பிசின் விலை அதற்குக் கிட்டவும் வராது. கெட்ட மூன்று முறைக்கும் சேர்த்து எனக்கு 7,000 ரூபாய்க்கு மேல் போனது. ஐம்பது மில்லியில் தொடங்கியிருந்தால் அதில் கால்வாசிதான் போயிருக்கும். ஆகவே முதலில் 10 கிராம் பிசினும் 50 மில்லி மதுவும் போட்டுப் பாருங்கள், சரிவந்தால் பிறகு கூட்டலாம்.

4. பிசினை உடைப்பது

மூன்றாம் முறை கெட்டது இங்கே. கிரைண்டரில் போட்டேன். இரண்டு முறை சுற்றியதும் அலகின் சூட்டில் பிசின் இளகி, அலகிலும் சுவரிலும் மூடியிலும் அப்பி, அப்படியே இறுகிவிட்டது. தண்ணீரும் சவர்க்காரமும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயின. கடைசியில் தேங்காயெண்ணெய் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு, துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுத்தான் போனது. அதற்குப் பிறகும் இரண்டு கிழமை சம்பல் கோயில் வாசத்தோடு வந்தது, வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

சரியான முறை: பிசினைக் காகிதப் பையில் போட்டு பிரிட்ஜின் ஐஸ் தட்டில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். காலையில், வெயில் ஏற முன்னர், எடுத்த கையோடு உரலில் போட்டுக் குத்துங்கள். அரைக்காதீர்கள், அரைத்தால் இளகும். மேலிருந்து குத்தினால் சீனிக்கட்டிபோலச் சிதறும். கறிக்குத் தாளிக்கும் கடுகை விடச் சற்றுப் பெரிய துணிக்கையாக வந்தால் போதும், மா ஆக்க வேண்டாம், மா ஆனால் மதுவில் போட்டதும் ஒரே களிக்கட்டியாக அடியில் ஒட்டும். மரத்துண்டு, மண், மயிர் இருந்தால் இந்த நேரத்தில் பொறுக்கி எடுங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது.

5. ஊறவைப்பது

ஒன்றுக்கு ஐந்து, இதுதான் கணக்கு: 20 கிராம் பிசினுக்கு 100 மில்லி மது. பிசினைப் போத்தலில் போட்டு மதுவை ஊற்றி மூடியை இறுக்கி, உடனே ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். முதல் மூன்று நாளும் காலை மாலை குலுக்காவிட்டால் அடியில் கல்லாக ஒட்டிவிடும், பிறகு கரண்டியால் குத்தினாலும் எழும்பாது. நாலாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒருமுறை போதும்.

இடம்: அலுமாரிக்குள், இருட்டில், குசினியிலிருந்து தள்ளி. இரண்டு கிழமை. வொட்காவில் போட்டால் நான்கு கிழமை விடுங்கள்.

"வெயிலில் வைத்தால் சுறுக்கா ஊறும்", "சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வை" என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். 40 சதவீத மதுவின் ஆவியே 26 பாகை அளவில் நெருப்புப் பொறி பட்டால் பற்றும், 63 என்றால் அதற்கும் குறைவில். யாழ்ப்பாணத்துப் பகல் எத்தனை பாகை என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே அடுப்பு, விளக்கு, சாமி அறை, புகைக்கும் ஆள் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். திறக்கும்போதும் வடிக்கும்போதும் யன்னல் திறந்திருக்கட்டும்.

6. வடிப்பது

இரண்டு கிழமை முடிந்ததும் இரண்டு நாள் குலுக்காமல் விடுங்கள். மேலே தேத்தண்ணீரை விடக் கொஞ்சம் சிவந்த தெளிவான திரவம் நிற்கும், அடியில் பழுப்பு நிறப் பசை படிந்திருக்கும். மேலே நிற்பதை மெல்லச் சரித்து வேட்டித் துணியால் வடித்து, பிறகு கோப்பித் தாளில் இன்னொருமுறை வடியுங்கள். அடியிலுள்ளதைப் பிழியாதீர்கள், பிழிந்தால் பசை எல்லாம் வந்து கலங்கிவிடும். கோப்பித் தாளில் இறங்க ஒரு மணித்தியாலம்கூட எடுக்கும், மேலே ஒரு தட்டால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் மது பறந்துவிடும். 100 மில்லி ஊற்றினால் எனக்கு 80 மில்லி அளவில் கிடைத்தது.

வீட்டுத் தேத்தண்ணீர் வடியை இதற்கு எடுக்க வேண்டாம், அது பிறகு தேத்தண்ணீருக்கு உதவாது.

7. சரிவந்ததா என்று பார்ப்பது, லேபல் ஒட்டுவது

ஒரு கிளாஸ் தண்ணீரில் ஐந்து துளி விடுங்கள். துளி விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகைபோல ஒரு நூல் இறங்கி, கலக்கினால் தண்ணீர் முழுவதும் பால் கலந்ததுபோல மங்கும். பிசின் மதுவைவிட்டுத் தண்ணீரில் பிரிவதுதான் அது, பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். மங்காமல் தெளிவாகவே நின்றால்தான் கவலை, பிசின் இறங்கவில்லை என்று அர்த்தம்.

லேபலில் ஐந்து விடயம்: பிசினின் பெயர், எத்தனை கிராம், மது எத்தனை சதவீதம் எத்தனை மில்லி, ஊறவைத்த திகதி, வடித்த திகதி. கீழே பெரிதாக "குடிக்கக் கூடாது". கொப்பி ஒன்றிலும் எழுதி வையுங்கள், சரக்குக் கடைப் பில்லையும் அதில் ஒட்டி வையுங்கள். அடுத்தமுறை அதே கடையில் அதே சாமானைக் கேட்க உதவும், யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் போனாலும் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

இது இருட்டில் வருடக்கணக்காக நிற்கும் என்பார்கள். நான் ஒரு வருடத்தில் முடிக்கிற அளவுதான் போடுகிறேன்.

8. பாவிப்பது, யார் பாவிக்கக் கூடாது

ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 துளி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, கொப்பளித்துத் துப்பிவிடுவது. விழுங்க வேண்டாம். புண்ணில் எரியும், கொஞ்ச நேரத்தில் அடங்கும், அடங்காவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

பிள்ளைத்தாச்சிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வெள்ளைப்போளத்தைத் தொடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் நீரிழிவுக்குக் குளிசை போடுபவர்களும் முதலில் தங்கள் வைத்தியரைக் கேளுங்கள். குடியை நிறுத்தியவர் வீட்டில் இருந்தால் இதைப் போடாமலே விடுவது நல்லது, உப்புத்தண்ணீரில் கொப்பளித்தாலும் பாதி வேலை நடக்கும்.

மூன்று கிழமைக்கு மேல் ஆறாமல் ஒரு புண் நின்றால் ரிங்சரை மூடி வைத்துவிட்டுப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர் என்றால் மூன்று கிழமைகூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாய்ப் புற்றுநோய் பலவேளைகளில் நோகாத சின்னப் புண்ணாகத் தொடங்கும், எங்கள் பக்கத்தில் அது அரிதான வருத்தம் அல்ல.

9. கனடாவுக்கு அனுப்பலாமா, விற்கலாமா

நல்லதாக வந்தால் முதலில் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்துதான் கேள்வி வரும். தபாலில் அனுப்ப முடியாது, எரியும் திரவம். பயணப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, ஏனென்றால் மேலே சொன்ன 24 முதல் 70 வரை என்ற சலுகை கடையில் மூடிய போத்தலுக்குத்தான், நீங்கள் ஜாம் போத்தலில் ஊற்றியதற்கு அல்ல. அவருக்கு 20 கிராம் கணக்கையும் இந்தக் குறிப்பையும் அனுப்புங்கள். கடும் மது வாங்குவது அவருக்கு உங்களை விடச் சுகம்.

விற்பது வேறு உலகம், மருந்துக்கும் மதுசாரத்துக்கும் வேறு வேறாக அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஒரு சொட்டுப் போத்தல் கொடுப்பதோடு நிறுத்துங்கள். கொடுக்கும்போது போத்தலின் கழுத்தையும் மூடியின் உட்பக்கத்தையும் மது தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்காவிட்டால் பிசின் காய்ந்து மூடி பிடித்துவிடும், நான் கொடுத்த முதல் போத்தலைத் திறக்கப் பக்கத்து வீட்டு அக்கா கொறடு எடுத்துக் கழுத்தை உடைத்தே போட்டார்.